கல்லு மூஞ்சிப் பரீட்சை

ஹேமலதா மேடம் குரல் ரொம்பச் சுலபம். மூக்கை உள்ளுக்குள்ளேயே லேசாக அடைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு பேச்சின் வாலையும் கேள்விபோலத் தூக்கிவிட வேண்டும், நடுநடுவே ஒரு "ஓகேவாம்மா?" போட வேண்டும், அவ்வளவுதான், ஒரு பல்கலைக்கழகமே என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துவிடும். "பயப்படாதீங்கம்மா, இது டெஸ்ட்டெல்லாம் கிடையாது, குழந்தை எப்படிப் பழகுதுன்னு பாக்கறோம், ஓகேவாம்மா?" என்று சமுதாயக் கூடத்து வரிசையில் நின்றபடி நான் சொன்னதும், முன்னால் நின்ற பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிமிர்ந்தார்கள் பாருங்கள், அடடா. "ஏய் நிரோஷா, நீதானாடி சனியனே" என்று எனக்குப் பின்னால் நின்ற எதிர்வீட்டு ராகினியக்கா முதுகில் ஒன்று வைத்தாள். அடி இனிக்கிறது. டெஸ்ட் கிடையாது என்று அந்த மேடம் எத்தனை தடவை சொன்னாலும் யார் நம்புவது? பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறார்கள், பல்கலைக்கழகம் என்றால் பரீட்சை, பரீட்சை என்றால் பாஸ், ஃபெயில். அதுவும் கேள்வித்தாள் நேற்றே வெளியாகிவிட்டது. ஏ பிளாக் பெண்கள் வந்து சொல்லிவிட்டார்கள்: குழந்தையை எதிரே நாற்காலியில் உட்கார வைப்பார்கள், அம்மா முதலில் கொஞ்ச வேண்டும், பிறகு மூஞ்சியைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு சும்மா பார்க்க வேண்டும், பிறகு மறுபடி கொஞ்ச வேண்டும், அம்மா கல்லானதும் குழந்தை அழுதால் அதற்கு அம்மாவைத் தெரிகிறது என்று அர்த்தம், அழாவிட்டால் ஏதோ கோளாறு. கேட்ட மாத்திரத்தில் எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு வீடு ஒத்திகை தொடங்கிவிட்டது. அம்மாக்கள் எல்லாரும் கல்லாக உட்கார்ந்து பிள்ளைகளை அழப் பழக்கினார்கள். அழாமல் சிரித்த பிள்ளையைத் தொடையில் கிள்ளினார்கள். சாயங்காலம் நாலு மாடியும் ஒரே அழுகை. அழுது முடித்த பிள்ளைக்கு முத்தம், "என் ராசா, நீ பாஸாயிருவே." ராகினியக்கா மகளுக்கு இப்போது அம்மா முகத்தைப் பார்த்தாலே உதடு பிதுங்குகிறது, பாவம், கல்லெல்லாம் தேவையில்லை, கன்னத்தில் மையும் பிறந்தநாள் சட்டையுமாக அது இப்போதே முதல் ரேங்க் வாங்கத் தயார்.

எங்கள் வீட்டில்தான் ஒத்திகை படுத்துவிட்டது. எங்கள் அக்காவுக்குக் கல்லு மூஞ்சி சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை, ஏழு மாதமாக அதே மூஞ்சிதான். மிதுன் பிறந்ததிலிருந்து. சிந்துஜா என்று பெயர், இதோ என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் மிதுன், அவள் கை அவனைப் பிடித்திருக்கிறதா அவன் அவள் கைக்குள் மாட்டியிருக்கிறானா என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் டவுன்ஹால் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக் பிடித்து நின்றவள். "வாங்க வாங்க, ஆடித் தள்ளுபடி, அம்மாவுக்கு ஒண்ணு எடுத்தா அத்தைக்கு ஒண்ணு இலவசம்," தேன் ஒழுகும், தெருவில் போகிறவன் தன் பாட்டுக்குப் படியேறி உள்ளே போய்விடுவான். அந்தக் குரலைத்தான் நான் முதன்முதலில் திருடினேன். அவளைவிட நன்றாகப் பண்ணுவேன் என்று அவளே சொல்லிச் சிரித்தாள். இப்போது கரண்ட் பிடுங்கின மைக். நேற்று அவளை மிதுனுக்கு எதிரே உட்கார வைத்தோம், அவன் அவளைப் பார்த்தான், அழவில்லை, சிரிக்கவில்லை, சுவரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை, பிறகு தன் கால் கட்டைவிரலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். நான் அக்காவின் மூஞ்சியைப் பண்ணிக் காட்டினேன், கன்னத்தைத் தொங்கவிட்டு, கண்ணை அவித்த முட்டைபோல வைத்துக்கொண்டு. ராகினியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மில் ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மாகூட "போடி வாலு" என்று வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் இந்தப் பக்கம் அவள் அந்தப் பக்கம், ரெண்டும் ஒரே மூஞ்சி, கண்ணாடி தேவையில்லை. அந்த மூஞ்சியோடு அவள் காரிடார் சுவர் பக்கத்தில் நின்றது, வேண்டாம், அதை எடுக்காதே, வேறு யாரையாவது எடு, அத்தையை எடு. அத்தை என்றால் அக்காவின் மாமியார், பல்லடம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள், கூடத்து வாசலில் நின்று வெற்றிலையைக் குதப்புகிறாள். அந்தக் குரலுக்கு வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், தொண்டையில் கொஞ்சம் சரளைக்கல் போட வேண்டும். "மூணு மாசத்துல தாயும் புள்ளையும் வந்து சேரோணும்னு அனுப்புனது, ஏழு மாசமாச்சு. கேட்டா சீக்குங்கறீங்க. என்ன சீக்கு? பெரிய படிப்புப் படிச்சவங்க இன்னிக்குப் பாக்கறாங்களாமா, பாக்கட்டும். புத்தி சரியில்லைன்னு அவங்க வாயில வந்துச்சுன்னா என்ற பேரனை நான் தூக்கிட்டுப் போயிருவேன். இவ இங்கியே கெடக்கட்டும். என்ற மவன் லாரி இறங்கி வரட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்." அப்படியே அச்சு. இதை நான் அம்மாவுக்குப் பண்ணிக் காட்டினபோது அம்மா சிரிக்கவில்லை.

ஆகவே இன்றைக்கு நாங்கள் ஃபெயிலாகக் கூடாது. மிதுனை அவள் தூக்கிக்கொண்டு போனால் என் குரல்களை யாருக்குப் பண்ணுவேன்? அவன்தான் என் ஆடியன்ஸ். பால்காரர், கேஸ் சிலிண்டர் வண்டி, லிஃப்ட் கதவு, பூனை, எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு தனிச் சிரிப்பு இருக்கிறது, பல்லில்லாத ஈறு பளபளக்க, தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி. ஆனால் அவனுக்கு ரொம்பப் பிடித்தது ஒரே ஒரு குரல். அக்காவின் பழைய குரல். யாரும் இல்லாதபோது போட்டுக் காட்டுவேன், "யாரு ராசா, யாரு தங்கம், வாங்க வாங்க," அவன் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு என்மேல் ஏறிவிடுவான். நிறுத்தினால் உதடு பிதுங்கும். இன்னும் கொஞ்சம் நிறுத்தினால் அழுகை. பார்த்தீர்களா, பாடம் அவனுக்குத் தெரியும், டீச்சர்தான் வேறு. இதை நினைத்ததுமே எனக்கு உள்ளங்காலில் இருந்து சிரிப்பு ஏறியது, பல்கலைக்கழகத்தையே ஏமாற்றப் போகிறோம், ஒரு பேராசிரியரின் கம்ப்யூட்டரில் என் குரல் அக்காவின் பெயரில் உட்காரப் போகிறது. "அடுத்து சிந்துஜா, குழந்தை மிதுன், ஓகேவாம்மா?" மேடம் கூப்பிடுகிறாள். நான் அக்காவின் தோளைப் பிடித்து எழுப்பினேன். தோள் எலும்பு கையில் குத்தியது. "அவளுக்குப் பேச வெக்கம் மேடம், நான் பின்னாடி இருந்துக்கட்டுமா, தைரியத்துக்கு?" என்று நல்ல பிள்ளைக் குரலில் கேட்டேன். அதுவும் ஒரு மிமிக்ரிதான், பள்ளிக்கூடத்தில் பிரேயர் சொல்கிறவளுடையது. மேடம் சிரித்தாள். நல்ல பொண்ணு. சின்ன வயசு. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. "குழந்தை கண்ணுல படாம இருந்துக்கோ." ஒரு மூலையில் கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டிருக்கிறார்கள், உள்ளே ரெண்டு நாற்காலி, மிதுனுக்குச் சின்னது. அம்மாவின் முகத்தைப் பிடிக்க வேண்டிய கேமராவுக்கு சார்ஜ் இல்லை என்று மேடம் தனக்குத்தானே சலித்துக்கொள்கிறாள். "பரவாயில்ல, குழந்தை முகம் போதும்." மேடம் அக்காவுக்கு முதுகுப்பக்கம் தள்ளி, லேப்டாப்புக்குப் பின்னால், அங்கிருந்து பார்த்தால் எங்கள் ரெண்டு பேரின் முதுகுதான். நான் அக்காவின் நாற்காலிக்கு ஒட்டிக் குத்தவைத்திருக்கிறேன், அவளுடைய பின்னல் என் மூக்குக்கு நேரே, எண்ணெய் வைக்காத தலையில் பிள்ளை வாந்தியின் புளிப்பு. கடவுளே இப்படிக்கூட ஒருத்திக்கு அதிர்ஷ்டம் அடிக்குமா என்று சிரிப்பை முழங்காலில் புதைத்துக்கொண்டேன்.

"ஸ்டார்ட் பண்ணலாம்மா, நீங்க வீட்டுல எப்படிக் கொஞ்சுவீங்களோ அப்படி." அக்கா பேசவில்லை. நான் பேசினேன். "யாரு ராசா? யாரு தங்கம் இது? அம்மா பாரு, அம்மா பாரு, வாங்க வாங்க, ஏழு மாசத்துக்கு ஒரு பல்லு இலவசம்!" மிதுன் துள்ளினான். நாற்காலிப் பட்டையே இழுபட்டது. ஈறு தெரியச் சிரித்து, கையை நீட்டி, அவன் பார்ப்பது அக்காவின் தோளுக்கு மேலே, என்னைத் தேடுகிறான், டேய் திருடா, காட்டிக்கொடுத்துவிடாதே. லேப்டாப்பில் அவன் சிரிப்பு பெரிசாகத் தெரிந்திருக்கும், மேடம் "சோ ஸ்வீட்" என்று முனகினாள். அக்காவின் முதுகு ஆடவில்லை. மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன், விடுகிறாள், பிளவுஸின் தையல் லேசாக விரிந்து மூடுகிறது. என் வாயிலிருந்து அவள் குரல் போகப்போக எனக்கே மயக்கமாக வந்தது, இது இங்கேதான் இருக்கிறது, எங்கேயும் போகவில்லை, என் தொண்டைக்குள் பத்திரமாக இருக்கிறது, அவளுக்கு ஏன் வேண்டாமாம்? "இப்ப முகத்தை ஸ்டில்லா வெச்சுக்கோங்கம்மா, பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம்." நான் நிறுத்தினேன். அவ்வளவுதான் வேலை, நான் வாயை மூடினால் அக்கா கல். மிதுன் காத்திருந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், தோளுக்கு மேலே பார்த்தான், ஒரு சத்தம் போட்டுப் பார்த்தான், நான் எப்போதும் அதற்குப் பூனைக் குரலில் பதில் சொல்வேன், சொல்லவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவன் கையைத் தட்டினான். மறுபடி ஒரு சத்தம். உதடு பிதுங்கியது. அந்த அமைதி, அதில்தான் மாட்டிக்கொண்டேன், யாரும் பேசாத இடம் கிடைத்தால் உடனே அந்தக் காரிடார் வந்துவிடுகிறது, நாலாவது மாடி, மத்தியானம், எல்லார் வீட்டிலும் டிவி, நான் ஸ்கூல் பையோடு படியேறி வருகிறேன், அக்கா காரிடார் சுவர் ஓரத்தில் நிற்கிறாள், சுவர்மேல் மிதுன் உட்கார்ந்திருக்கிறான். கால் ரெண்டும் வெளிப்பக்கம். அவள் ஒரு கையால்தான் பிடித்திருக்கிறாள், பிடித்தது கூட இல்லை, தொட்டிருக்கிறாள். கீழே எட்டிப் பார்க்கவில்லை, அவனுடைய உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், யாரோ கொடுத்த பொருளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற மாதிரி. எனக்கு என் குரலில் கத்த வரவில்லை. வயிற்றிலிருந்து சரளைக்கல்லோடு, "ஏம்புள்ள, வெயில்ல என்ன வேல?" என்று அத்தையாகக் கேட்டேன். அவள் திடுக்கிட்டு அவனை இழுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள், நான். "பயந்துட்டியா?" என்று கைதட்டிச் சிரித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தை காதுக்குப் போகும். சொன்னால் அது நடந்ததாக ஆகிவிடும். காற்று வாங்க உட்கார வைத்திருப்பாள், எல்லாரும் உட்கார வைக்கிறார்கள், ராகினியக்கா வடகம் காயவைக்கிறாள் அந்தச் சுவரில், அதற்காக, அதற்காக என்ன. மிதுன் வீறிட்டு அழுதான்.

பாஸ்! எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. வாசலில் அத்தை வெற்றிலையை விழுங்கியிருப்பாள். "வெரி குட், இப்ப சமாதானப்படுத்துங்கம்மா," நான் மறுபடி தேனை ஊற்றினேன், "அய்யோ என் தங்கம், அம்மா இங்கதான் இருக்கேன், எங்க போவேன் உன்னை விட்டு?" மிதுன் விக்கி விக்கி அடங்கி, கண்ணீரோடு ஈறு காட்டினான். மேடம் கைதட்டினாள். "நிறைய அம்மாங்களால ஸ்டில்லா இருக்கவே முடியல, பாதியில சிரிச்சிடறாங்க. நீங்கதான் பெஸ்ட், அசையவே இல்ல. குழந்தையும் உங்களோட ரொம்ப ஒட்டுதல். இந்த மாதிரி ஒட்டுதல் கம்மியா இருக்கறவங்க வீட்டுக்குத்தான் நாங்க வாராவாரம் ஆள் அனுப்பறோம், டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போறோம். உங்களுக்கு அதெல்லாம் தேவையே இல்ல." அக்காவின் முதுகு அப்போதுதான் முதல் தடவையாக அசைந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மிதுனுக்கு நாக்கை நீட்டினேன். மேடம் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே, "கடைசியா ஒண்ணே ஒண்ணு, எல்லார்கிட்டயும் கேக்கறதுதான், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கோ குழந்தைக்கோ நீங்களே ஏதாவது பண்ணிடுவீங்களோன்னு எப்பவாவது பயமா இருந்திருக்காம்மா?" என்றாள். போர்வைக்கு அந்தப் பக்கம் அத்தையின் செருப்பு தெரிந்தது, கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள், காதைக் கழற்றி உள்ளே வைத்திருக்கிறாள் கிழவி. அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். ஒட்டி உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கேட்டது, ஏழு மாதமாகத் திறக்காத தொண்டை திறக்கிற சத்தம், காய்ந்த இரண்டு தோல் பிரிகிற மாதிரி, அதற்குள்ளிருந்து ஒரு "ஆ," அதற்குப் பின்னால் இன்னும் என்னவோ வந்துகொண்டிருந்தது, பெரிதாக, படியேறி, வருகிறது, வந்துவிடும், அத்தை கேட்டுவிடுவாள், தூக்கிக்கொண்டு போய்விடுவாள். "சேச்சே, என்ன மேடம் இப்படிக் கேக்கறீங்க, நான் நல்லா இருக்கேன், இவன்தான் எனக்கு எல்லாம்." தேன். ஒரு சொட்டுகூட சிந்தவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் பண்ணினதில் இதுதான் அச்சு அசல். "சூப்பர்ம்மா," என்றாள் மேடம். அக்கா இழுத்த மூச்சை மெல்ல விட்டாள். அது வெளியே போக ரொம்ப நேரம் எடுத்தது.

வெளியே வந்ததும் அத்தையே மிதுனை வாங்கி நெற்றியில் முத்தம் வைத்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நான் ராகினியக்காவுக்குக் கண்ணடித்தேன். "நானும் கேட்டுப்போட்டுத்தான் வரேன்," என்றாள் அத்தை, எல்லாருக்கும் கேட்கும்படி. "எத்தன அழகாப் பேசறா! புத்தியெல்லாம் கெட்டியாத்தான் இருக்குது. இத்தன நாளு எங்ககிட்டப் பேசாம இருந்ததெல்லாம் நடிப்பு. அப்பறம் எதுக்கு இங்க உக்காந்துக்கிட்டு? சிந்துஜா, கெளம்பு, ஆட்டோ நிக்குது. துணிமணியெல்லாம் உங்கம்மா கொண்டாந்து குடுக்கட்டும். புள்ளயப் பாத்துக்கத்தான் உனக்கு நல்லாத் தெரியுதே." எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ரெண்டு பேரையும். அக்காவையும் சேர்த்து. அத்தை வீடு தோட்டத்துக்குள்ளே இருக்கிறது, சுற்றிலும் தென்னை, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது, மாமா, அதான் அக்கா வீட்டுக்காரர், லாரியில் போனால் மாதம் ஒருமுறைதான், அத்தை விடிந்ததும் காட்டு வேலைக்குப் போய்விடுவாள், வாசலில் கிணறு. பகல் முழுக்க அக்காவும் அவனும். படியேறி வந்து கத்துவதற்கு யார் இருக்கிறார்கள்? "அத்தை, வேண்டாம் அத்தை, அம்மா மில்லுல இருந்து வந்துரட்டும்." "உங்கம்மாவுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கறேன்." அக்கா, யாரோ வழி காட்டினார்கள் என்பதுபோல ஆட்டோவைப் பார்த்து நடந்தாள். நான் உள்ளே ஓடினேன், போர்வையை இழுத்ததில் கயிறு அறுந்து விழுந்தது, உள்ளே ராகினியக்கா மகள் வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "மேடம், அது நான். பேசினது எல்லாம் நான். அக்கா பேசவே இல்ல. அவ குரல் எனக்கு வரும் மேடம், அதான் பண்ணேன்." மேடம் ராகினியக்காவைப் பார்த்தாள். ராகினியக்கா குழந்தையைத் தட்டிக்கொண்டே, "இவ பேச்சை நம்பாதீங்க மேடம். போன மாசம் ஈபி ஆபீஸ்காரன் குரல்ல போன் பண்ணி பிளாக் மொத்தத்தையும் மெயின் ஆஃப் பண்ண வெச்சவ. அக்காவைப் பிரிய மனசில்லாம நாடகம் போடறா." வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், வேடிக்கை தொடங்கிவிட்டது என்று சிரித்த முகங்கள், என் முகங்கள், நானே பழக்கி வைத்தவை. மேடம் ஒரு நிமிடம் யோசித்தாள், நல்ல பொண்ணு, யோசித்தாள். "சரி, அக்கா குரல்ல பேசிக் காட்டு பாக்கலாம்."

வாயைத் திறந்தேன். யாரு ராசா. எனக்குத் தெரியும், தூக்கத்தில்கூடத் தெரியும், நாக்கை மேலண்ணத்தில் லேசாக ஒட்டி, மூச்சைப் பிடித்து, சிரிப்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, யாரு தங்கம். வெளியே ஆட்டோ கிளப்புகிற சத்தம். கன்னத்தில் சிரிப்பு நிற்கவில்லை. வந்தது கரகரவென்று ஒரு சத்தம், ஆணா பெண்ணா என்றே தெரியாத ஒன்று, "மேடம், சுவர்மேல," என்றது, "மேடம், கால் ரெண்டும்," என்றது, விக்கியது, உடைந்தது, ஒரு வார்த்தையும் முழுசாக வரவில்லை. ஒரு கணம் எல்லாரும் கவனித்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருத்தி, "இது யாரு வாய்ஸ்டி? புதுசா இருக்கே!" என்றாள். கூடமே சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். மேடமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யாராவது இந்தப் பாப்பாவுக்குத் தண்ணி குடுங்கம்மா, ஓகேவா," என்று சொல்லிவிட்டு அறுந்த கயிற்றை முடிச்சுப் போடத் தொடங்கினாள். நான் வாசலுக்கு ஓடினேன். ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. அக்காவின் முகம் தெரியவில்லை, தோள்தான் தெரிந்தது, தோள்மேல் மிதுன், இந்தப் பக்கம் பார்த்தபடி. என்னைக் கண்டதும் துள்ளினான். நான் வாயைத் திறந்தபடியே ஆட்டோவின் பின்னால் ஓடுகிறேன், அவனும் பல்லில்லாத வாயைத் திறந்துகொண்டு, என் வாயிலிருந்து அடுத்து யார் வரப்போகிறார்கள் என்று காத்திருக்கிறான்.